சைகோன் விளக்கா, ஃபிரோசாபாத் விளக்கா?

காரைக்காலில் பழைய கண்ணாடிச் சாமான் வாங்கப் போகிறவர் ஏமாறுவது பெரும்பாலும் கதை கேட்டுத்தான். “எங்க பாட்டனார் சைகோன்லேர்ந்து கொண்டாந்ததுங்க” என்று வேறு ஊரில் ஒருவர் சொன்னால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடலாம். இங்கே அப்படி நகர முடியாது, மெய்யாகவும் இருக்கக்கூடும். 1739-இல் தஞ்சை மராத்திய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர் இது. இடையில் ஆங்கிலேயர் சில முறை பிடித்து வைத்திருந்தாலும், 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகம்தான். சட்டப்படியான கைமாற்றம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அந்தக் காலத்தில் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் எழுத்தராக, காவலராக, சிப்பாயாக, வணிகராக இந்தோசீனாவுக்குப் போனவர்கள் பலர். ‘சொல்தா’ எனப்படும் பிரெஞ்சுப் படைவீரர் குடும்பங்களின் பிள்ளைகள் இன்றும் பாரிஸ் புறநகரிலிருந்து விடுமுறைக்கு வந்துபோகிறார்கள். ஆகவே பாட்டனார் உண்மை, சைகோன் உண்மை. மேசைமேல் இருக்கும் விளக்கு அந்தப் பாட்டனாருடையதா என்பதுதான் கேள்வி.

இன்னொரு சிக்கலும் உண்டு. மேலைநாட்டுக் கையேடுகள், கையால் ஊதிய அடையாளம் இருந்தால் பழையது, இயந்திர அடையாளம் இருந்தால் புதியது என்று கற்றுத்தருகின்றன. உள்ளே குமிழி, அடியில் ஊதுகோல் வடு, சற்றே கோணிய வாய் எல்லாம் அங்கே வயதுக்குச் சாட்சி. நம் நாட்டில் அந்தக் கணக்கு செல்லாது. உத்தரப் பிரதேசத்து ஃபிரோசாபாத்தில் இன்றைக்கும் மனிதர்கள் உலை முன் நின்று வாயால் ஊதுகிறார்கள். சீனத்திலும் கைவேலைக் கண்ணாடி ஏராளம். குமிழியும் வடுவும் கோணலும் போன மாதம் செய்த சாமானிலும் இருக்கும். கைவேலை என்பதற்கும் பழமை என்பதற்கும் இங்கே தொடர்பில்லை. எனவே இந்த அத்தியாயம் பார்க்கச் சொல்வது தேய்மானம், உலோகம், பழுது ஆகிய மூன்றையும்தான். மற்றவை துணைச் சாட்சிகள்.

கையில் என்ன கொண்டுபோகலாம்? பத்து மடங்கு பெருக்கும் நகைக்கடை லென்ஸ், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், ஒரு வெள்ளைத் துணி. போதும்.

அடி

கடைக்காரர் நீட்டும் பொருளை வாங்கியதும் கவிழ்த்துப் பாருங்கள். 80 ஆண்டு மேசையிலும் அலமாரியிலும் இழுபட்ட கோப்பைக்கு, தரையைத் தொடும் வளையத்தில் மட்டும் தேய்மானம் இருக்கும். லென்ஸில் பார்த்தால் நீளமும் குட்டையுமாக, எல்லாத் திசையிலும் ஓடும் மெல்லிய கீறல்கள் தெரியும். ஆழமானவற்றுக்குள் அழுக்கு ஏறியிருக்கும். உப்புத்தாளில் தேய்த்துப் ‘பழசாக்கிய’ அடியில் கீறல்கள் ஒரே ஆழத்தில், ஒரே பக்கமாக அல்லது ஒழுங்கான வட்டமாக ஓடும். தரையைத் தொடாத நடுக்குழியிலும் கீறல் இருந்தால் அது யாரோ வேலை மெனக்கெட்டுப் போட்டது. தேய்மானமே இல்லாத அடியைக் கண்டாலும் சந்தேகப்படுங்கள். ஆனால் முடிவு கட்டிவிடாதீர்கள், கண்ணாடி அலமாரிக்குள் காட்சிக்கு வைத்து எடுக்காமலே விட்ட ஜோடிகளும் உண்டு.

ஊதுகோல் வடுவைப் பற்றி ஒரு சொல். நல்ல பிரெஞ்சு, பொகீமியப் பட்டறைகள் அந்த வடுவைச் சாணை பிடித்து, குழிந்த வட்டமாக மெருகேற்றிவிடும். சொரசொரப்பான வடுவைக் காட்டி “பாருங்க, கையால செஞ்சது” என்று சொல்லப்படும் விலையுயர்ந்த ‘பாரிஸ்’ குடுவையைக் கண்டால், வடுவை ஏன் அப்படியே விட்டார்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டை தீட்டியதா, அச்சில் வார்த்ததா

சாணைச் சக்கரத்தில் வெட்டிய பட்டையின் விளிம்பு விரலை உறுத்தும். அச்சில் அழுத்தி வார்த்த பட்டையின் விளிம்பு பாதி கரைந்த கற்கண்டு போல மழுங்கியிருக்கும். அடியில் வெட்டிய நட்சத்திரத்தின் கதிர்கள் நடுவில் துல்லியமாகக் கூடாமல் ஒன்றிரண்டு கடந்துபோயிருந்தால் நல்ல அடையாளம். அச்சில் அந்தத் தவறு நேராது. அச்சின் பொருத்துக்கோடு பக்கவாட்டில் மேலேறுகிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள்.

ஆனால் அச்சு வார்ப்பு என்றாலே புதியது என்று ஒதுக்கிவிடாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே பக்காரா, சேன் லூயி போன்ற பெரிய பிரெஞ்சுப் பட்டறைகள் அழுத்தி வார்த்த சாமான் செய்தன. போர்த்தியே, வாலெரிஸ்தால் பட்டறைகளின் மூடிபோட்ட கோழிக் கிண்ணங்கள் அச்சில் வார்த்தவைதான். இன்று சேகரிப்பவர் தேடி வாங்குகிறார்கள்.

நம் ஊர் அச்சு வார்ப்புக்கும் இதே நியாயம் உண்டு. ஃபிரோசாபாத்தின் ஜெயின் கண்ணாடி ஆலை வார்த்த, வானவில் பூச்சுள்ள டம்ளர்களையும் மீன் வடிவ, கை வடிவப் பூச்சாடிகளையும் வெளிநாட்டில் ‘கார்னிவல்’ கண்ணாடி சேகரிப்போர் விரும்பி வாங்குகிறார்கள். சிலவற்றில் ஆலையின் பெயர் எழுத்துகளாகவே வார்க்கப்பட்டிருக்கும். ‘பிரெஞ்சு’ என்று பொய் சொல்லி விற்கப்படும் தட்டுக்குப் பக்கத்தில், ‘லோக்கல்’ என்று தூசியோடு கிடக்கும் இந்த டம்ளர் நேர்மையான சேகரிப்புப் பொருள்.

ஒலி, எடை, தண்ணீர்

நகத்தால் விளிம்பில் தட்டினால் மணியோசை வந்தால் கிரிஸ்டல் என்பார்கள். மெல்லிய வாயுள்ள ஈயக் கோப்பைக்கு அது பொருந்தும். தடித்த குடுவையோ மூடி போட்ட பாத்திரமோ அசல் கிரிஸ்டலாக இருந்தாலும் பாடாது. ஒலியை நம்புவதைவிட அடர்த்தியை அளப்பது மேல். வீட்டில் சமையல் தராசு இருந்தால் செய்யலாம்.

பொருளை முதலில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரைத் தராசில் வைத்து அளவைப் பூஜ்ஜியமாக்குங்கள். பொருளை நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, அடியையும் பக்கங்களையும் தொடாமல் தொங்கவிடுங்கள். உள்ளே காற்றுக் குமிழ் தங்கக்கூடாது. தராசு இப்போது காட்டும் கிராம் அளவால் முதல் எடையை வகுக்க வேண்டும். 620 கிராம் கிண்ணம், தண்ணீரில் 200 காட்டினால், விடை 3.1. சாதாரண சோடாக் கண்ணாடி 2.5 அருகில் நிற்கும். ஐரோப்பிய விதிப்படி 24 சதவீத ஈயக் கிரிஸ்டலுக்குக் குறைந்தது 2.9, 30 சதவீதத்துக்கு 3.0. கடையில் வாளி வைக்கச் சொன்னால் யாரும் சம்மதிக்கமாட்டார்கள். விலை பெரிதாக இருந்தால், திருப்பித் தரலாம் என்ற ஒப்பந்தத்தோடு வாங்கி வீட்டில் செய்யுங்கள். பித்தளை பொருத்திய விளக்குக்கும் பொன் பூச்சு உரியும் சாமானுக்கும் இது வேண்டாம்.

ஈயம் இருப்பது தெரிந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அந்தக் குடுவையில் மதுவோ எலுமிச்சைச் சாறோ ஊற்றி வைக்காதீர்கள், ஈயம் கரைந்து இறங்கும்.

குடுவைக்கு மூடி சேர்ந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. பழைய பட்டறைகளில் ஒவ்வொரு மூடியையும் அதனதன் கழுத்துக்கு ஏற்றபடி அரைத்துச் சேர்த்தார்கள். பிரிந்துபோகாமலிருக்க இரண்டிலும் ஒரே எண்ணைக் கீறிவைப்பதும் உண்டு. எண் ஒத்துப்போனால் மகிழுங்கள். ஒத்துப்போகாவிட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பெயர் பொறித்தவை

எமீல் காலே, தோம், லாலிக். பிரெஞ்சுக் கண்ணாடிக் கலையின் இந்தப் பெரிய பெயர்களைக் காரைக்காலில் கேட்டால் காதை மூடிக்கொண்டு கண்ணைத் திறங்கள். நான்சி நகரத்து எமீல் காலே 1904-இல் இறந்தார். அவர் மறைந்த பின் சில ஆண்டுகள் பட்டறையிலிருந்து வந்த சாமான்களில் பெயருக்கு முன் ஒரு நட்சத்திரம் இருக்கும். பட்டறை 1930-களில் மூடப்பட்டது. இன்று உலகச் சந்தையில் சுற்றும் ‘காலே’ சாடிகளில் பெரும்பங்கு ருமேனியாவிலும் சீனத்திலும் செய்தவை. ருமேனியச் சாடிகளில் பெயரோடு ‘டிப்’ என்று மூன்று எழுத்து இருக்கும். காலே பாணி என்பதை அவர்கள் ஒளிக்கவில்லை. இடையில் கைமாற்றுகிறவர்தான் அந்த மூன்றெழுத்தை அரைத்து அழித்துவிடுகிறார். பெயருக்குப் பக்கத்தில் காரணமில்லாத மழுங்கல் இருக்கிறதா என்று சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். அசலில் வெவ்வேறு நிறக் கண்ணாடி அடுக்குகளை அமிலத்தால் அரித்துப் பூவும் இலையும் எழுப்பியிருப்பார்கள். நகம் அடுக்குக்கு அடுக்குப் படியிறங்கும். வண்ணம் பூசிய போலியில் படி இருக்காது.

ரெனே லாலிக் 1945-இல் காலமானார். அதற்கு முந்தைய சாமானில் ‘ஆர். லாலிக்’. பிந்தையதில் முதலெழுத்து இல்லாமல் ‘லாலிக் பிரான்ஸ்’. ஆகவே போலி செய்பவர் முழுப் பொருளையும் செய்ய வேண்டியதில்லை. 1960-களின் அசல் சாமானில் அந்த ஒற்றை எழுத்தைக் கீறிச் சேர்த்தால் போதும், விலை ஏறிவிடும். எழுத்தின் ஆழமும் பளபளப்பும் மற்ற எழுத்துகளோடு ஒத்திருக்கின்றனவா என்று லென்ஸில் ஒப்பிடுங்கள்.

1764-இல் தொடங்கிய பக்காராவில் முத்திரை இல்லாமல் வந்த பழைய சாமான் ஏராளம். குடுவை, கோப்பை, டம்ளர் வரைந்த வட்ட அமில முத்திரையை எல்லாவற்றிலும் பதிக்கத் தொடங்கியது 1936-இல்தான். அந்த முத்திரையைக் காட்டி “கவர்னர் துய்ப்ளேக்ஸ் காலத்துச் சாமான்” என்று சொன்னால், சாமான் அசலாகவே இருக்கலாம், காலம் மட்டும் இரண்டு நூற்றாண்டு பிசகுகிறது. முத்திரையால் பொருளின் வயது குறைவதும் உண்டு என்பதை இந்த வியாபாரத்தில் பலர் கவனிப்பதில்லை.

மாமா கொண்டுவந்த பிரெஞ்சுக் கண்ணாடி

காரைக்காலுக்கே உரிய வகை இது. பிரான்சில் வேலை பார்த்த மாமாவும் சித்தப்பாவும் பெட்டியில் கொண்டுவந்த சாமான். அசல் பிரெஞ்சு, சந்தேகமே இல்லை. ஆனால் பேரங்காடியில் அடுக்கி விற்ற ஆலைச் சரக்கு. அடியில் துராலெக்ஸ், அர்கோரோக், அர்கோபால், லுமினார்க் என்று வார்த்த எழுத்துகள் இருக்கும். துராலெக்ஸின் புகழ்பெற்ற பட்டை டம்ளர் ‘பிக்கார்தி’ 1954-இல் வந்தது. அடியில் காணும் எண் அச்சின் எண். பிரெஞ்சுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் அதைப் பார்த்து ‘உன் வயசு என்ன’ என்று விளையாடுவார்கள். அதை ஆண்டு என்று சொல்லி விற்பவரும் அதே விளையாட்டைத்தான் விளையாடுகிறார்.

இந்த வகையில் ஆளைக் கவிழ்ப்பது ‘கிரிஸ்தால் தார்க்’. 1968 முதல் வட பிரான்சின் ஆர்க் நகரத்து ஆலை இயந்திரத்தில் வார்த்த ஈயக் கிரிஸ்டல். எடை இருக்கும், மணியோசை இருக்கும், வாளிச் சோதனையிலும் தேறிவிடும். மழுங்கிய பட்டை விளிம்பு ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். வீட்டில் விருந்துக்கு வைத்துக்கொள்ள அழகான சாமான். 19-ஆம் நூற்றாண்டுக் கைவெட்டுக் குடுவையின் விலைக்கு வாங்காமலிருந்தால் சரி.

வளைகுடாவிலிருந்து வரும் அத்தர்ப் புட்டிகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொன்கோடு போட்ட, காற்றுப்போல இலேசான எகிப்தியப் புட்டிகள் சுற்றுலாப் பயணிகளுக்காக இன்றும் ஊதப்படுபவை. அழகுக்கு வாங்கலாம்.

தொங்கு விளக்கு

காவிரி டெல்டாவில் அதிகம் கைமாறுவது மண்ணெண்ணெய்த் தொங்கு விளக்கும் சுவர் விளக்கும் சரவிளக்கும்தான். எல்லாவற்றுக்கும் ‘பெல்ஜியம்’ என்ற ஒரே பெயர். பெல்ஜியத்தில் 1826-இல் தொடங்கிய வால் சேன் லாம்பேர் போன்ற பெரிய பட்டறைகள் இருந்தது மெய். ஆனால் பழைய வீடுகளில் தொங்கிய விளக்குகள் வியன்னாவிலிருந்தும் பெர்லினிலிருந்தும் பர்மிங்காமிலிருந்தும்கூட வந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இறங்கிய அசலைப் பார்க்கலாம். அசலைப் பார்த்து எடுத்ததையும் பக்கத்திலேயே பார்க்கலாம்.

கண்ணாடிக் குடையை விட்டுவிட்டு முதலில் பித்தளையைப் பாருங்கள். ஸ்டார் ஸ்க்ரூ இருந்தால், அது 1930-களில் அமெரிக்காவில் வந்த திருகு. 1890 விளக்கில் அது இருக்க நியாயமில்லை, பின்னால் பழுது பார்த்தாலொழிய. திரியை ஏற்றி இறக்கும் சாவிச் சக்கரத்தில் செய்தவர் பெயரோ அடையாளமோ இருக்கிறதா? வியன்னாவின் டிட்மார், பெர்லினின் ‘காஸ்மாஸ்’, ‘மாட்டாடர்’ பர்னர்கள் அக்காலத்து அசல். பர்னரே இல்லாமல் பல்பு ஹோல்டர் மட்டும் இருந்தால், மின்சாரத்துக்கு மாற்றிய பழைய விளக்காக இருக்கலாம், முதலிலேயே மின்சாரத்துக்கு என்று மொராதாபாத் பித்தளையையும் ஃபிரோசாபாத் குடையையும் சேர்த்துக் கட்டியதாகவும் இருக்கலாம். மாற்றியதில் எண்ணெய்க் கிண்ணம் இருக்கும், அதில் ஒயருக்காகப் பிறகு போட்ட துளையின் விளிம்பு வேறு நிறத்தில் தெரியும்.

கடற்காற்று நமக்கு ஒரு உதவி செய்கிறது. காரைக்கால் வீட்டில் தொங்கிய பித்தளை, எத்தனை பிராசோ போட்டுத் தேய்த்தாலும், மரைக்குள்ளும் சங்கிலி வளையங்கள் உரசும் இடத்திலும் களிம்பு பிடித்தே இருக்கும். அமிலம் தடவிப் பச்சையாக்கியதில் இது தலைகீழாக இருக்கும். வெளியே சீரான பச்சை, மரையைக் கழற்றினால் உள்ளே பளபளப்பு. சங்கிலி வளையங்களின் உள்பக்கம் பல ஆண்டு பாரத்தால் தேய்ந்து மெலிந்திருக்க வேண்டும். தேயாத வளையம் எதையும் சுமந்ததில்லை.

இப்போது குடைக்கு வரலாம். பழைய பால்வெள்ளைக் குடை உள்ளும் புறமும் கண்ணாடியே வெள்ளை, அல்லது நிறமற்ற கண்ணாடிமேல் வெள்ளை அடுக்கு. வாய் விளிம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். புதியவற்றில் சில சாதாரணக் கண்ணாடிமேல் அடித்த ஸ்ப்ரே பெயிண்ட். கண்ணுக்குப் படாத ஓரத்தில் நகம் வைத்தால் உரியும். சூளையில் சுட்ட பூ வேலை நகத்துக்கு அசையாது. லென்ஸில் நான்கு நிறப் புள்ளிகள் ஒழுங்காகத் தெரிந்தால், அது அச்சடித்து ஒட்டிய படம். பொகீமியச் சிவப்புச் சாமானில் வெட்டிய இடமெல்லாம் நிறமற்ற கண்ணாடி தெளிவாகத் தெரியும். நிறம் அந்த விளிம்பில் செதிலாக உரிந்தால் வாங்க வேண்டாம்.

ஊதா டார்ச்

இருட்டான மூலையில் அடித்துப் பாருங்கள். பச்சையாகக் கொழுந்துவிட்டால் யுரேனியம் கலந்த கண்ணாடி. மங்கலான பச்சை பெரும்பாலும் மாங்கனீசு. விற்பவர் இதை வயதுச் சான்றாகக் காட்டுவார். யுரேனியக் கண்ணாடி செக் நாட்டில் இன்றும் செய்யப்படுகிறது, அதனால் பச்சை ஒளி மட்டும் வயதைச் சொல்லாது. டார்ச்சின் மெய்யான பயன் வேறு: உடைந்து ஒட்டிய இடத்தில் இன்றைய பசைகள் பெரும்பாலும் தனியாக ஒளிரும். கைப்பிடி, தண்டு, சரவிளக்கின் கைகள் என ஒவ்வொரு சேர்க்கையிலும் அடித்துப் பாருங்கள்.

நிலைக்கண்ணாடிக்கும் ஒரு சோதனை உண்டு. பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்த மிதவைக் கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதந்து செய்யப்படுகிறது. அதன் ஒரு முகத்தில் வெள்ளீயம் ஒட்டியிருக்கும். குறும் அலை புற ஊதா விளக்கில் அந்த முகம் பால்போல ஒளிரும். சாதாரண 365 டார்ச்சுக்கு இது தெரியாது, 254 நானோமீட்டர் விளக்கு வேண்டும், கண்ணுக்குக் காப்பும் அவசியம். ஒளிர்ந்தால், சட்டம் எத்தனை பழைய பர்மாத் தேக்கானாலும், கண்ணாடி உங்கள் அப்பா காலத்தது. ரசம் உதிர்ந்த கறுப்புத் திட்டுகளை நம்பவே வேண்டாம். பத்தே ஆண்டுக் கண்ணாடிக்கும் நம் உப்புக்காற்று அதைச் செய்துவிடும்.

பாரிசுக்குக் கொண்டுபோக நினைத்தால்

1972-ஆம் ஆண்டின் பழம்பொருள், கலைக்கருவூலச் சட்டப்படி 100 ஆண்டுக்குக் குறையாத கைவினைப் படைப்பும் பழம்பொருளே. தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. வயது குறைந்த சாமான் என்றால் தொல்லியல் துறையிடம் ‘பழம்பொருள் அல்ல’ என்ற சான்றிதழ் வாங்கிக்கொண்டால் விமான நிலையத்தில் தொல்லையில்லை. “150 வருஷத்துச் சாமான் சார், பாரிசுக்கே பேக் பண்ணித் தர்றோம்” என்று ஒரே மூச்சில் சொல்லும் கடைக்காரரைக் கண்டால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் வயது மெய்யானால் அனுப்புவது குற்றம், பொய்யானால் நீங்கள் கொடுக்கும் விலை தப்பு. பழம்பொருள் விற்பதற்கு உரிமம் வேண்டும், அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதும் தவறில்லை.

பில் போடும்போது ‘பழைய விளக்கு – 1’ என்று எழுத விடாதீர்கள். எந்த நாடு, ஏறத்தாழ எந்தக் காலம், எந்தப் பாகம் புதிதாக மாற்றியது, பிசகினால் எத்தனை நாளில் திருப்பித் தரலாம், இவ்வளவும் கடைக்காரர் கையாலேயே எழுதி வாங்குங்கள். அதுவரை ‘பிரெஞ்சு, 1880’ என்று வாய் நிறையச் சொன்னவர் பேனா பிடித்ததும் தயங்கினால், புதிய அலங்கார விளக்குக்கு என்ன விலையோ அதை மட்டும் சொல்லிக் கேளுங்கள்.